கோலாலம்பூரில் கராத்தே தொடங்குபவருக்கு: முதல் விசாரிப்பிலிருந்து முதல் பெல்ட் வரை

கராத்தே பழக வேண்டும் என்று ஆசை வந்தவுடன் எல்லாரும் கேட்பது, "எந்த ஸ்டைல் நல்லது?" என்றுதான். கோலாலம்பூரில் குடியிருப்பவர் அதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த மாலையில், மழையும் சாலை நெரிசலும் இருக்கும்போதும், என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிற கிளப் எது? அந்த கிளப்பில் கடைசி வரிசையில் நிற்கும் வெள்ளை பெல்ட்டை யாராவது கவனிக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்துவிட்டால் ஸ்டைல் எதுவானாலும் நீங்கள் தேறிவிடுவீர்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு பெயர்பெற்ற ஸ்டைலாக இருந்தாலும் மூன்றாம் மாதமே உடை அலமாரிக்குள் போய்விடும்.

இந்த வழிகாட்டி முக்கியமாகப் பெரியவர்களுக்கு. இருபது வயதானாலும் சரி, ஐம்பதானாலும் சரி, இதுவரை எந்தத் தற்காப்புக் கலையும் பழகாதவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டைல்களைப் பற்றி, தேவையான அளவுக்கு

நம் ஊருக்குக் கராத்தே புதிது இல்லை. சியூ சூ சூட் என்பவர் 1966-இல் இதே கோலாலம்பூரில்தான் புடோகான் கராத்தே அமைப்பைத் தொடங்கினார். இங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 50 கிலோவுக்குக் கீழான குமித்தே (எதிராளியோடு மோதும் சண்டை) பிரிவில் நம் ஷாமளாராணி சந்திரன் தங்கம் வென்றார். எனவே நல்ல பயிற்றுநர்களைத் தேடி எங்கேயோ போக வேண்டியதில்லை.

தலைநகரில் விசாரித்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஷோட்டோகான் என்பது ஒகினாவாவில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷியின் வழி வந்தது. அவர் 1922-இல் டோக்கியோவுக்குப் போய்ச் செய்துகாட்டிய பிறகுதான் ஜப்பானின் பெருநிலத்தில் கராத்தே வேரூன்றியது. கால்களை அகல வைத்து, தாழ்ந்த நிலையில், நேர்கோட்டில் பாயும் அசைவுகள் இதில் அதிகம். சோஜுன் மியாகி உருவாக்கிய கோஜு-ரியுவில் நிற்கும் நிலை குறுகியது. மூச்சுப் பயிற்சிக்கும் நெருங்கி நின்று செய்யும் அடிகளுக்கும் அங்கே முக்கியத்துவம். கென்வா மபுனியின் ஷிட்டோ-ரியுவில் கத்தாக்கள், அதாவது தனியாக நின்று வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகள், ஏராளம். ஹிரோனோரி ஓட்சுகா ஜுஜுட்சு பழகியவர். ஆகவே அவருடைய வாடோ-ரியுவில் அடியைத் தடுப்பதைவிட விலகிக்கொள்வது தெரியும்.

புதியவருக்கு உண்மையில் முக்கியமான வேறுபாடு இதுதான்: எதிராளியின் மேல் எவ்வளவு பலமாக அடி விழும்? மேலே சொன்ன ஸ்டைல்களில் பெரும்பாலும் அடியைக் கட்டுப்படுத்தி நிறுத்துவார்கள். மசுதாட்சு ஓயாமா தொடங்கிய கியோகுஷின் வேறு மாதிரி. உடம்பில் முழு பலத்தோடு குத்தும் உதையும் விழும், முகத்தில் கையால் குத்த மட்டும் அனுமதி இல்லை. அது நல்ல பயிற்சிதான். ஆனால் திங்கட்கிழமை அலுவலகம் போகிறவர் விலாவில் நீலம் பாரிப்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

தேடுவது

கிளப்கள் இருக்கும் இடங்கள்: தாமான் பொது மண்டபம், பள்ளி மண்டபம், கடைவீட்டின் மேல்மாடி, சில கொண்டோக்களின் பல்நோக்கு அறை. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருப்பவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டாலே போதும். வெள்ளை உடையோடு மாலையில் கிளம்பும் பிள்ளை ஒவ்வொரு புளோக்கிலும் இருக்கும். கைப்பேசி வரைபடத்தில் தேடினாலும் கிடைக்கும். ஆனால் பொது மண்டபத்தில் நடக்கும் சிறிய கிளப்கள் பல அதில் இருக்காது. மண்டபத்து அறிவிப்புப் பலகையையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்று நான்கு பெயர் கிடைத்ததும் தூரத்தைக் கணக்கிடுங்கள். கிலோமீட்டரை விட்டுவிடுங்கள், நேரத்தைப் பாருங்கள். இரவு 7.30 மணி வகுப்பு என்றால், ஒரு வாரநாளில் அதே நேரத்துக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் போன இடத்துக்குச் செவ்வாய்க்கிழமை மழையில் ஒரு மணி நேரம் ஆகலாம். எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய கிளப்பாக இருந்தால் சாலை நெரிசலைப் பற்றிய கவலை போய்விடும். சுமாரான வசதியோடு அருகில் இருப்பதை, அருமையான வசதியோடு தொலைவில் இருப்பதைவிட மேலானதாக நான் கருதுகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை தவறாமல் போவதுதான் முதல் ஆண்டில் உங்களை வளர்க்கும்.

அடுத்து, கிளப்பின் பின்னணி. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பெயரில் பதிவு, எந்தச் சங்கத்தோடு இணைப்பு என்று தயங்காமல் கேளுங்கள். மாநில, தேசிய அளவில் போட்டியிடும் எண்ணம் இருந்தால், மலேசியக் கராத்தே சம்மேளனத்தோடு அந்த கிளப்புக்குத் தொடர்பு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்றுநருக்கு தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தின் சான்று இருக்கிறதா, முதலுதவி தெரியுமா, அவருடைய டான் (கறுப்பு பெல்ட்) நிலையைக் கொடுத்த அமைப்பு எது என்பவையும் நியாயமான கேள்விகளே. நல்ல மாஸ்டர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனால் எதுவும் புரியாது. முதல் பத்து நிமிடம் எல்லா கிளப்பிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கண் தானாகவே முன்வரிசைக்குப் போகும். கறுப்பு பெல்ட்டுகளின் உதை உயரமாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கடைசி வரிசையைப் பாருங்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவர் அங்கே நின்றிருப்பார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய கையையோ காலையோ யாராவது வந்து திருத்தினார்களா? திருத்தியவர் எப்படிச் சொன்னார்? ஒரு தவறை மட்டும் சொல்லி, மீண்டும் செய்யவிட்டு, சரியாக வந்ததும் தலையாட்டிவிட்டுப் போனாரா? அல்லது எல்லாரும் பார்க்கக் கத்தினாரா? கட்டொழுங்கு வேறு, அவமானப்படுத்துவது வேறு. கண்டிப்பான மாஸ்டர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாலும் மாணவர் முகத்தில் பயம் இருக்காது. கவனம்தான் இருக்கும்.

இணையாக நின்று பயிற்சி செய்யும் நேரம் வரும்போது, பிரவுன் பெல்ட் ஒருவர் வெள்ளை பெல்ட்டோடு சேரும் இணையைக் கவனியுங்கள். மூத்தவர் தன் வேகத்தைக் குறைத்து, எதிரில் இருப்பவருக்குத் தடுக்க நேரம் கொடுத்தால் அந்த கிளப்பின் வளர்ப்பு நல்லது. தன் திறமையைக் காட்டிக்கொண்டு, புதியவரின் முன்கையில் பட்பட்டென்று அடித்து, அதை மாஸ்டரும் கண்டுகொள்ளாவிட்டால், மூன்று வாரத்தில் அந்த வலி உங்கள் கையில் இருக்கும்.

பார்க்க வேண்டிய மற்றவை: தரையில் பாய் விரித்திருக்கிறார்களா, அல்லது வழவழப்பான ஓடா? வியர்வை சிந்திய இடத்தை யாராவது துடைக்கிறார்களா? தண்ணீர் குடிக்க இடைவேளை உண்டா? இந்த ஊர் வெக்கையில் தண்ணீரைத் தடுப்பது மன உறுதியை வளர்க்காது, மயக்கத்தைத்தான் வரவழைக்கும். உங்கள் வயதை ஒட்டியவர் இரண்டு பேராவது இருக்கிறார்களா? எல்லாருமே பத்து வயதுப் பிள்ளைகள் என்றால், பெரியவர்களுக்கு வேறு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வகுப்பைப் பார்க்கவே கூடாது, பெற்றோர்கூட உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம். ஒரே ஆண்டில் கறுப்பு பெல்ட் என்று உறுதி கொடுக்கும் இடத்துக்கும் அப்படியே. ஒழுங்காகப் பழகினால் பெரும்பாலான கிளப்களில் அதற்கு நான்கைந்து ஆண்டு ஆகும்.

வகுப்பு முடிந்ததும் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். மாதக் கட்டணம் மட்டும் கேட்டால் போதாது. சேர்க்கைக் கட்டணம், ஆண்டு உறுப்பியம், காப்பீடு, உடை, பெல்ட் தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். தேர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எழுதியே ஆகவேண்டுமா, போட்டிக்குப் போவது கட்டாயமா, உடையை அவர்களிடமே வாங்க வேண்டுமா என்பவையும் பட்டியலில் இருக்கட்டும். ஒரு வருடப் பேக்கேஜ் மலிவு என்று காட்டினாலும் முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதமே கட்டுங்கள்.

முதல் வகுப்புக்குத் தயாராவது

உடை உடனே வேண்டாம். சாதாரண டி-சட்டையும் முழங்கால் மறையும் டிராக் பேண்டும் போதும். கை நகம், கால் நகம் இரண்டையும் ஒட்ட வெட்டுங்கள். எதிரில் நிற்பவரின் தோலைக் கிழிப்பது பெரும்பாலும் கால் நகம்தான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தோடு, மூக்குத்தி ஆகியவற்றைக் கழற்றுங்கள். கோயில் கயிறு கையில் இருந்தால் அதன் மேல் துணிப்பட்டை சுற்றிக்கொள்ளலாம். தாலியைப் பற்றிப் பல அக்காமார் கேட்கத் தயங்குவார்கள். தனியாக நின்று செய்யும் பயிற்சியின்போது சட்டைக்குள் விட்டு ஒட்டுநாடா போட்டுக்கொள்ளலாம். இணைப் பயிற்சி, குமித்தே என்று வந்துவிட்டால் சங்கிலி கழுத்தை அறுக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதுதான் பாதுகாப்பு. எப்படிச் செய்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அதுவும் கொஞ்சமாக. வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டுப் போய் உதைக்க முடியாது. தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். நாற்பதைத் தாண்டியவர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் பையில் இனிப்போ குளுக்கோஸோ வைத்திருங்கள், எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள். ஆஸ்துமா, பழைய முழங்கால் காயம், முதுகுவலி எதுவானாலும் பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். தைப்பூச விரதத்தில் இருப்பவரும் நோன்பு இருப்பவரும் அந்த மாதங்களில் வேகத்தைக் குறைத்துப் பயிற்சி செய்வது இங்கே சகஜம்தான். சொன்னால் போதும்.

முதல் வகுப்பில் என்ன நடக்கும்

செருப்பைக் கழற்றிவிட்டு, நுழையும்போது வாசலில் தலை குனிந்து வணங்குவார்கள். நீங்களும் குனியுங்கள். இது மதச் சடங்கு ஆகிவிடுமோ என்று யோசிப்பவர்கள் உண்டு. இந்த நாட்டில் எல்லா மதத்தவரும் ஒரே வரிசையில் நின்று பழகுகிறார்கள், இது மரியாதை முறை மட்டுமே. மனத்துக்கு நெருடலாக இருந்தால் மாஸ்டரிடம் பேசுங்கள், கைகளைப் பக்கவாட்டில் வைத்து இலேசாகத் தலையசைத்தால் போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள்.

பெல்ட் வரிசைப்படி நிற்பார்கள். மாஸ்டரைப் பார்த்து நிற்கையில் மூத்தவர் வலது கோடி, புதியவர் இடது கோடி என்பது பெரும்பாலான கிளப்களின் வழக்கம். "சேய்சா" என்றதும் மண்டியிட்டு உட்காருவார்கள், இடது முழங்கால் முதலில். "மொக்குசோ" என்றதும் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார்கள். பிறகு "ரேய்" என்ற குரலுக்கு வணக்கம். எல்லாம் சேர்ந்து ஓரிரு நிமிடம். தாமதமாக வந்தால் நேராக வரிசையில் புகாமல், ஓரத்தில் நின்று மாஸ்டர் சைகை காட்டிய பிறகு சேர வேண்டும். பயிற்றுநரை மாஸ்டர் என்பதா சென்செய் என்பதா என்று குழம்ப வேண்டாம், மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படி. வயதில் சிறியவரானாலும் மண்டபத்துக்குள் மரியாதை குறையக்கூடாது.

எண்ணிக்கை ஜப்பானியத்தில் வரும்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹச்சி, கு, ஜு. வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் அந்த ஒரு பதற்றம் குறையும். மற்ற சொற்களை நான்கு வாரத்தில் காதே பழகிக்கொள்ளும்.

உடம்பைச் சூடாக்கிய பிறகு கிஹோன் என்னும் அடிப்படைப் பயிற்சி. முதலில் முஷ்டி. நான்கு விரல்களையும் இறுக்கமாக மடக்கி, கட்டைவிரலை வெளியே, ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் முறியும். அடி படுவது அந்த இரண்டு விரல்களின் முட்டிகளில். மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்க வேண்டும்.

குத்தும்போது முஷ்டி இடுப்பின் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்த்தபடி தொடங்கும். முழங்கை விலாவை உரசிக்கொண்டே போகும், கடைசி நொடியில்தான் முஷ்டி திரும்பும். அதே நேரத்தில் மற்றக் கை அதே வேகத்தில் இடுப்புக்குத் திரும்பி வரும். புதியவர்கள் குத்துகிற கையை மட்டும் நினைத்து, இழுக்கும் கையை மறந்துவிடுவார்கள். தோளைத் தூக்குவதும் வழக்கமான தவறு. இன்னொரு முக்கியமான விஷயம், காற்றில் குத்தும்போது முழங்கையை முழுமையாக விறைத்து நிறுத்தாதீர்கள். ஒரு மயிரிழை மடக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் சில வாரத்தில் முழங்கை மூட்டில் வலி தொடங்கும்.

அடுத்தது நிற்கும் நிலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பொறுமையைச் சோதிப்பதும் இதுவே. ஸென்குட்சு டாச்சியில் முன்கால் முட்டி மடங்கி, பின்கால் நீண்டு, இரண்டு பாதமும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கும். இரண்டு பாதங்களுக்கும் இடையே பக்கவாட்டில் தோள் அகலம் இருக்க வேண்டும். புதியவர் இரண்டு அடி முன்னேறியதும் பாதங்கள் ஒரே கோட்டுக்கு வந்துவிடும், உடனே உடம்பு ஆடும். தரையில் ஓட்டுக் கோடுகள் இருந்தால் ஒவ்வொரு பாதத்தையும் வெவ்வேறு கோட்டில் வைத்துப் பழகுங்கள். முன்முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும், உள்பக்கமாகச் சரியக்கூடாது. முட்டி காயம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. திரும்பும்போது பாதம் தரையில் சுழன்ற பிறகே உடம்பு திரும்ப வேண்டும். வியர்த்த பாதம் பாயில் ஒட்டிக்கொண்டிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும்.

பரதம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. கோஜு-ரியுவிலும் ஷிட்டோ-ரியுவிலும் வரும் ஷிக்கோ டாச்சி, அரைமண்டியைக் கொஞ்சம் அகலப்படுத்தியது போல இருக்கும். தொடையும் இடுப்பும் ஏற்கனவே திறந்திருப்பதால் சட்டென்று வந்துவிடும். சிலம்பம் ஆடியவர்களுக்கோ கால்வரிசை சீக்கிரம் பிடிபடும், கைதான் கம்பைத் தேடும்.

உதையில் முதலில் வருவது மாயே கெரி, நேர் உதை. முட்டியை மேலே தூக்கு, நீட்டு, அதே வழியில் மடக்கு, பிறகு இறக்கு. நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கால்விரல்களைப் பின்னால் மடக்கி, பாதத்தின் முன்மேட்டால் உதைக்க வேண்டும். உயரம் இப்போது தேவையில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒழுங்காக வரும் உதை, முகம்வரை தாறுமாறாகப் போகும் உதையைவிட உதவும்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும். படி இறங்கச் சிரமமாக இருக்கும். அது இயல்பு. மூட்டில் குத்தும் வலி, வீக்கம், ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் வலி ஆகியவை இயல்பு இல்லை. ஓய்வெடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பத்து நிமிடம்

வகுப்பு இல்லாத நாளில் பத்து நிமிடம் போதும். குத்து இருபது, நேர் உதை ஒவ்வொரு காலிலும் பத்து, ஸென்குட்சு டாச்சியில் முன்னும் பின்னும் நடை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அடியோடு சேர்த்துக் குரல் எழுப்பும் கியாய் கத்தலை மட்டும் மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காணொளி பார்த்துப் புதிய நுட்பம் கற்க இப்போது முயல வேண்டாம். வேறு ஸ்டைலின் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம்.

முதல் கத்தா

சில வாரங்களில் கத்தா தொடங்கும். ஷோட்டோகானில் பெரும்பாலும் தைக்கியோகு ஷோடானோ ஹேயான் ஷோடானோ வரும். ஒகினாவா பள்ளிப் பிள்ளைகளுக்காக அங்கோ இத்தோசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஐந்து கத்தாக்கள்தான் இன்று ஹேயான் வரிசையாகப் பழகப்படுகின்றன. ஹேயான் ஷோடானில் 21 அசைவுகள். முதல் அசைவு இடப்பக்கம் திரும்பி கீழ்த்தடுப்பு. ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய். முடியும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நீங்கள் ஒரு அடி தள்ளி நின்றால் எங்கோ காலடி நீளம் மாறியிருக்கிறது என்று அந்த இடமே சொல்லிவிடும். கோஜு-ரியுவில் தொடங்குபவருக்கு மியாகி 1940-இல் உருவாக்கிய கெகிசாய் கிடைக்கும்.

மனப்பாடம் செய்யும் வழி ஒன்று. முதலில் கைகளை விட்டுவிட்டு, காலடியையும் திரும்பும் திசையையும் மட்டும் நடந்து பழகுங்கள். திசை பிடிபட்ட பிறகு கைகளைச் சேருங்கள். புதியவர் தடுமாறுவது பெரும்பாலும் திருப்பங்களில்தான். எந்தக் கால் நகர்கிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது தெரிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

குமித்தே

முதல் நாளே யாரும் உங்களைச் சண்டைக்கு விடக்கூடாது. விட்டால் அந்த கிளப்பைப் பற்றி யோசியுங்கள். முதலில் வருவது முன்பே பேசிவைத்த குமித்தே: எங்கே குத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருவர் ஐந்து அடியோ மூன்று அடியோ முன்னேறுவார், மற்றவர் தடுத்துப் பின்வாங்கி, கடைசியில் பதிலடி கொடுப்பார். இதில் கற்றுக்கொள்வது தூரம். குத்து தொடுகிற தூரமும் தொடாத தூரமும் கண்ணுக்குப் பிடிபடச் சில மாதம் ஆகும்.

சுதந்திரமாக ஆடும் குமித்தே வரும்போது கையுறை, கால் கவசம், பல் கவசம், ஆண்களுக்கு இடுப்புக் கவசம் தேவை. பல் கவசத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உதைத்தாலோ வீழ்த்திவிட்டுத் தொடர்ந்து அடித்தாலோ 3. தெரிந்துவைத்துக்கொண்டு போட்டி பார்த்தால் சுவையாக இருக்கும். போட்டியே வேண்டாம் என்று இருபது வருடம் பழகுபவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

உடை

ஒரு மாதம் போய்ப் பார்த்து, தொடர்வேன் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். நம் வெயிலுக்கு மெல்லிய துணி. பருத்தி துவைத்தால் சுருங்கும், எனவே சரியாகப் பொருந்துவதைவிட ஒரு பிடி பெரிதாக. மேல்சட்டையின் இடது மடிப்பு எப்போதும் வலதின் மேல் வர வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். வலதை மேலே போடுவது ஜப்பானில் இறந்தவருக்குச் செய்யும் முறை. பெண்கள் உள்ளே வெள்ளை டி-சட்டை போடுவது வழக்கம். வகுப்பு முடிந்த இரவே பையிலிருந்து எடுத்துத் துவைத்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் ஒரு நாள் விட்டாலே வாடை நிரந்தரமாகிவிடும்.

முதல் தேர்வு

கலர் பெல்ட்டுகளின் வரிசை கிளப்புக்குக் கிளப் மாறும். கறுப்பு பெல்ட்டுக்கு முந்தைய நிலைகளுக்குக் கியூ என்று பெயர். அந்த எண்ணிக்கை பத்திலிருந்தோ ஒன்பதிலிருந்தோ குறைந்துகொண்டே வந்து ஒன்றில் முடியும், அதற்குப் பிறகு டான். இந்த முறை ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவிடமிருந்து வந்தது. ஃபுனகோஷி 1924-இல்தான் தம் மாணவர்களுக்கு முதல் டான் நிலைகளைக் கொடுத்தார். அதற்கு முன் எத்தனையோ தலைமுறை பெல்ட் இல்லாமலே பழகியது. பெல்ட்டுக்காக அவசரப்படுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தேர்வில் அடிப்படை, முதல் கத்தா, முன்பே பேசிவைத்த குமித்தே மூன்றும் இருக்கும். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் சத்தமாகப் பதில் சொல்லி, ஓடிப்போய் நில்லுங்கள். கத்தாவில் மறந்துவிட்டால் முகத்தைச் சுளிக்காமல், நின்று, நினைவுபடுத்திக்கொண்டு தொடருங்கள். தேர்வாளர் பெரும்பாலும் மன்னிக்கும் தவறு அது. மன்னிக்காதது அரைமனதான கியாயும் தளர்ந்த முஷ்டியும். மாஸ்டர் "இன்னும் நேரம் ஆகட்டும்" என்றால் கேளுங்கள். அப்படிச் சொல்லத் துணியும் மாஸ்டர் கிடைத்தது நல்லது.

பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு

ஏழு வயதுக்கு மேல் என்றால் சொல்வதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஓட்டமும் விளையாட்டுமாக நடக்கும் வகுப்பைத் தேடுங்கள். மேலே சொன்ன கடைசி வரிசைப் பரிசோதனை பிள்ளைகள் வகுப்புக்கு இன்னும் முக்கியம். பயிற்றுநர் பிள்ளையோடு தனியாக இருக்கும் சூழல் உண்டா, உடை மாற்றும் இடம் எப்படி, பெற்றோரிடம் சொல்லாமல் பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்புகிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து "காலைத் தூக்குடா" என்று குரல் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு இரண்டு மாஸ்டர் ஆகிவிடும்.

புறப்பாடப் புள்ளிக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு, புரிகிறது. ஆனால் எஸ்பிஎம் வருடம் வந்ததும் முற்றாக நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். வாரம் ஒரு வகுப்பாகக் குறைத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது. முழுமையாக விட்டவர்களில் திரும்பி வருபவர் குறைவு.

கிளப் மாற நேர்ந்தால்

தேர்வுச் சான்றிதழ், உறுப்பினர் அட்டை, கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குக்கோ ஜொகூருக்கோ வேலை மாறிப் போகும்போது பழைய மாஸ்டரிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அவரே அங்கே ஒருவரைக் கைகாட்டக்கூடும். புதிய கிளப்புக்கு முதல் நாள் வெள்ளை பெல்ட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையைக் காட்டுங்கள். எந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பது என்பதை அங்குள்ள மாஸ்டர் சொல்வார்.